டிராலியின் கீழ்த்தட்டு

பெரியவள் அன்று வேலைக்குப் போகவில்லை. போவதாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தெருமுனை மருந்துக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வீட்டோடு இதுவரை கூடவே வந்தவர்களுக்கு அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அண்ணன், தம்பி இரண்டு பேர். ஒரே வீடு, ஒரே அடுப்படி. அண்ணன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். தம்பி கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிக்கிற வெல்டர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவை மேற்பார்வை பார்ப்பவள். தம்பி பெண்டாட்டி சின்னவள் ஒரு மழலையர் பள்ளியில் வேலையாக இருந்தாள். பள்ளியை மூடிவிட்டார்கள். அதே சமயத்தில் வெல்டிங் வேலையும் குறைந்து, செலவு கையைக் கடிக்க ஆரம்பித்தது.

பெரியவள் எவ்வளவோ இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் மளிகை, பால், காய்கறி, சோப்பு என்று மொத்தப் பொறுப்பையும் சின்னவள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கினாள்.

அதற்கப்புறம்தான் அதிசயம். செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தட்டில் எதுவும் குறையவில்லை. குளியலறையில் முன்பு இல்லாத வாசனை வேறு.

"எப்படிம்மா?" என்று பெரியவள் எத்தனையோ தடவை கேட்டாள்.

"என்கிட்ட விடுங்கக்கா" என்பதற்கு மேல் சின்னவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சும்மா விட்டிருப்பாள் பெரியவள். ஆனால் முந்தைய நாள் லாரிக்காரர் போனில் ஒரு சேதி சொன்னார். அவருடைய கம்பெனியில் உள்ளூர் கிடங்குக்கு ஒரு டிரைவர் வேண்டுமாம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. சம்பளம்தான் நன்றாகவே குறையும். அவருக்கு இடுப்பு வலி வந்து இரண்டு வருஷமாகிறது. முதலாளி மறுநாள் இருட்டுவதற்குள் பதில் கேட்டிருக்கிறார்.

"வீட்டுச் செலவு இனிமே இப்படியே நிக்குமா, சொல்லு. நிக்கும்னா நான் தூர ஓட்டத்தை விட்டுடுறேன்" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேங்க" என்றாள் பெரியவள்.

போனை வைத்ததும் போய்ச் சின்னவளின் காதையும் கழுத்தையும் பார்த்தாள். நகை எல்லாம் அப்படியே இருந்தது. யாரிடமாவது கைமாற்று வாங்கி ஒப்பேற்றுகிறாளா? பிறந்த வீட்டிலிருந்து வருகிறதா? கேட்டால் சொல்ல மாட்டாள். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் பெரியவளுக்கு ஓய்வு. இந்த வாரம் எந்த நாள் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் சின்னவள் தோளில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். தெருமுனை மளிகைக் கடையைத் தாண்டினாள். காய்கறிச் சந்தையைத் தாண்டினாள். நேராகப் போய்ப் பஸ் ஏறினாள்.

பெரியவள் பின்வாசல் வழியாக ஏறி, பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் இறங்க எழுந்தபோது, "இன்னும் ரெண்டு ஸ்டாப் உட்காருங்களேன்" என்று சொல்லலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. நல்லவேளை, அதே இடத்தில்தான் சின்னவளும் இறங்கினாள்.

இறங்கியவள் போய் நுழைந்த இடத்தைப் பார்த்ததும் பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊரிலேயே விலை அதிகமான சூப்பர் மார்க்கெட் அது. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், உள்ளே கால் வைத்ததும் குளிரும். பெரியவள் அங்கே இதுவரை ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். அதுவும் மழைக்கு ஒதுங்க.

சிக்கனம் பிடிக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை?

டிராலி எடுத்துக்கொண்டு சின்னவள் முன்னே போக, கொஞ்சம் தள்ளிப் பெரியவளும் போனாள். சின்னவள் செய்தது எதுவுமே சாமான் வாங்க வந்தவள் செய்கிற மாதிரி இல்லை.

வினிகர் பாட்டிலுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு, "வினிகர் எங்கே இருக்கு?" என்று ஒரு பணியாளரைக் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் போன பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுச் சும்மா வைத்திருந்தாள். பிஸ்கட் அடுக்கின் பின்வரிசையில் கை நுழைத்து ஒரு பாக்கெட்டை எடுத்து, தேதியைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கழிப்பறைக்குப் போய்விட்டு உடனே வெளியே வந்தாள், கை ஈரம்கூட இல்லை.

பெரியவள் ஒரு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து, கைக்குக் கிடைத்த ஒரு பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"உங்க நாய்க்கு என்ன வயசு மேடம்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

சீருடை போட்ட பணியாளர் ஒருவர். அப்போதுதான் தன் கையில் இருப்பது நாய்த் தீனி என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் வாங்கலைங்க" என்றாள்.

"நாயா, தீனியா?"

"ரெண்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். பெரியவள் எட்டிப் பார்த்தாள். சின்னவள் சோப்புத்தூள் வரிசையில் நின்றிருந்தாள். பெரிய பை ஒன்றைத் தூக்கினாள். அதை டிராலியின் மேலே, மற்ற நாலைந்து சாமான்களோடு வைக்கவில்லை. குனிந்து கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டில் தள்ளினாள். தோளில் இருந்த துணிப்பையைக் கழற்றி, அதன்மேல் போட்டாள். சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பில் போடும் பக்கமாகத் திரும்பினாள்.

பெரியவள் நாய்த் தீனியை அடுக்கில் திரும்ப வைத்தாள்.

சோப்புத்தூள் வீட்டில் பிரிக்காமலே ஒரு பாக்கெட் இருக்கிறது. நேற்று ராத்திரிகூட அவள் பார்த்தாள். அப்படியிருக்க இந்தப் பை எதற்கு? அதைக் கீழே ஏன் மறைக்க வேண்டும்? செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது இப்படித்தானா?

பார்க்கத்தான் வந்தாள். பார்த்தாயிற்று. இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பில் போடும் வரிசையில் சின்னவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பெரியவளுக்குத் தெரிந்த முகம். அது மாடி.

மாடி என்றால் அவர்கள் வீட்டு மேல்தளத்தில் குடியிருக்கும் பெண். மாடிவீட்டு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, பிள்ளைகள் வாயில் தேய்ந்து, இப்போது தெருவுக்கே அவள் மாடிதான். ஏதோ ஒரு பெரிய கடையில் பில் போடுகிறாள் என்பது தெரியும். இந்தக் கடை என்பது தெரியாது. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

தெரிந்தவள் கையிலேயே மாட்டிக்கொள்ளப் போகிறாள் சின்னவள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

முன்னால் இருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். சின்னவளின் டிராலி நகர்ந்தது.

யோசிக்க நேரமில்லை. பெரியவள் ஓடாத குறையாகப் போய் மேசையின் மறுபக்கத்தில் நின்றாள்.

"என்ன மாடி, இங்கதான் வேலையா? எனக்குத் தெரியவே தெரியாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி இருக்காங்க?"

மாடியின் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்களா? அம்மா நல்லா இருக்காங்க. கட்டு அவிழ்த்தாச்சு. என் முகத்தைப் பார்த்துட்டு, என்னடி இப்படிக் கறுத்துட்டேன்னு கேக்குறாங்க."

"கண்ணு தெளிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள் பெரியவள். குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை. "சொட்டு மருந்து நேரத்துக்கு விடுறாங்களா? எங்க ஆஸ்பத்திரியில அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க."

மாடி பேசிக்கொண்டே மேலே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கருவியில் காட்டினாள். தலை பெரியவள் பக்கம் திரும்பியே இருந்தது. கீழே குனியவில்லை.

சின்னவள் பணத்தைக் கொடுத்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. பெரியவளை நிமிர்ந்து பார்க்காமலே டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் பெரியவள் அவளைப் பிடித்தாள்.

"அந்தப் பையை எடு. எடுத்துட்டுப் போய் அங்கேயே வெச்சுட்டு வா. யார் கண்ணுலயும் படாம நான் பார்த்துக்கிட்டேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். "அக்கா, நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்ன பண்ணினேனா? நீ என்ன பண்றே? சோத்துக்கு இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் என் வீட்டுக்காரரும் செத்தா போயிட்டோம்?"

"நான் திருடலக்கா."

"பின்னே?"

"இது என் வேலை."

பெரியவள் டிராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வாடிக்கையாளர் மாதிரி போய்க் கடைகளைச் சோதிப்பதற்கென்று ஒரு கம்பெனி இருக்கிறது. கடை முதலாளிகளே காசு கொடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். கேட்டால் பணியாளர்கள் கூடவே வந்து காட்டுகிறார்களா, ஐஸ் பெட்டி சரியாகக் குளிர்கிறதா, தேதி முடிந்த சாமான் அடுக்கில் இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா. கடைசியாக, டிராலியின் கீழ்த்தட்டில் ஒரு சாமானை வைத்தால் பில் போடுகிறவர் குனிந்து பார்க்கிறாரா. பணியாளர்களுக்கு எதுவும் தெரியாது. வாங்குகிற சாமானுக்குக் காசை அந்தக் கம்பெனி கொடுத்துவிடும். சாமான் இவளுக்கு. அதற்குமேல் கையில் கொஞ்சம்.

"எதுக்கு எங்ககிட்ட மறைச்சே?"

"வீட்டுல யாருக்கும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க கொழுந்தனுக்கே தெரியாது." துணிப்பையைச் சரிசெய்தாள். "பள்ளிக்கூடம் மூடினப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கேன்னு நீங்க யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா நானே எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

பெரியவள் கடையின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாடியை நான் முன்னாடியும் சோதிச்சிருக்கேன்" என்றாள் சின்னவள். "அவங்க தவறினதே இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னு எட்டிப் பார்ப்பாங்க. தெரிஞ்ச முகமாச்சேன்னு எனக்குச் சலுகை காட்டினதும் இல்லை. இன்னைக்குத்தான் பார்க்கல."

"நான் பேச்சுக் கொடுத்ததால."

"ஆமா."

"என்ன ஆகும் அவளுக்கு?"

"பில் போடுற இடத்துல இருந்து எடுத்துடுவாங்க. கிடங்குல பெட்டி தூக்கணும். சம்பளமும் குறையும்."

சின்னவள் துணிப்பையை நகர்த்திச் சோப்புத்தூளைத் தூக்கினாள். வாசல் பக்கம் இருந்த விசாரணை மேசைக்குப் போய், வெளியே வந்த பிறகுதான் கவனித்ததாகச் சொல்லி அதற்கும் பணம் கட்டிவிட்டு வந்தாள். அதுவும் வேலையில் ஒரு பகுதிதானாம்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து இப்படி இரண்டு பேர் மட்டும் எங்கேயும் ஒன்றாகப் போய் வந்ததில்லை என்பது பெரியவளுக்கு நடுவழியில் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்போ இது மிச்சம் இல்லை. உன் சம்பளம். அப்படித்தானே?"

சின்னவளுக்குக் கோபம் வந்தது. "எல்லாமே அதுல இருந்து வரலைக்கா."

"எது அதுல இருந்து, எது நீ மிச்சம் பிடிச்சது? எனக்குத் தெரிஞ்சாகணும். சாயங்காலம் அவருக்குப் பதில் சொல்லணும்." லாரிக்காரர் கேட்டதை அப்போதுதான் அவளிடம் சொன்னாள். "நாளைக்கே உன்னை இந்த வேலையை விட்டு நிறுத்திட்டா? அவர் தூர ஓட்டத்தையும் விட்டுட்டு நின்னா?"

 சின்னவள் அடுப்படிக்குள் போய் அலமாரிக் கதவுகளை எல்லாம் திறந்தாள்.

"இறக்குங்க. பிரிச்சே பார்த்துடுவோம்."

இரண்டு பேரும் தரையில் சாமான்களைப் பரப்பினார்கள். வேலையில் வந்ததெல்லாம் ஜன்னல் பக்கம். காசு கொடுத்து வாங்கியது கதவுப் பக்கம்.

ஜன்னல் பக்கக் குவியல் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மூன்று வகை ஷாம்பு, வாய் கொப்பளிக்கிற நீலத் தண்ணீர், அறைக்கு அடிக்கிற வாசனைப் புட்டி, டின்னில் அடைத்த சீஸ், தங்கக் காகிதம் சுற்றிய பிஸ்கட். எதை வாங்குவது என்று கம்பெனிதான் சொல்லுமாம். கதவுப் பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, டீத்தூள், சர்க்கரை.

பெரியவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல வீடு நடக்குது, அதுல வீடு மணக்குது" என்றாள்.

சின்னவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவை.

"அது இல்லைன்னாலும் நமக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. முன்னாடி அதையெல்லாம் நாம வாங்கினதே இல்லை. சோப்பும் பிஸ்கட்டும்தான் நிஜமா உதவுது."

"அப்போ இந்தப் பக்கம் எப்படிக் குறைஞ்சுது?"

"கடையைச் சோதிக்கப் போனதுல கொஞ்சம் கண்ணு திறந்துச்சு. கண்ணுக்கு நேரா அடுக்கியிருக்கிறது எல்லாம் விலை ஜாஸ்தி. குனிஞ்சா குறையும். பெரிய பாக்கெட்னா மலிவுன்னு நினைப்போம், கிலோவுக்கு எவ்வளவுன்னு பார்த்தா சில சமயம் சின்னதுதான் மலிவு. காய்கறிக்குச் சந்தை கலையுற நேரத்துக்குப் போவேன். பசியோட போறதில்லை, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதில்லை. அரிசி மூட்டையா எடுத்து, மாடியும் நாமும் பாதிப் பாதி."

"இதுக்கே இவ்வளவா குறையும்? இதெல்லாம் நானும்தான் செஞ்சு பார்த்தேன்."

சின்னவள் சர்க்கரை டப்பாவின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்த அடுப்படியில முன்னாடி சர்க்கரை டப்பா ரெண்டு இருந்துச்சு. உங்களுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. எண்ணெய் ரெண்டு. டீத்தூள் ரெண்டு. நீங்களும் பால் வாங்கிட்டு வருவீங்க, நானும் வாங்கிட்டு வருவேன், ஒரு பாக்கெட் திரிஞ்சுபோகும். நீங்க ஒரு காய் வாங்கி வெச்சிருப்பீங்க, நான் அதைத் தொட மாட்டேன், அழுகிப்போகும். அடுப்பு ரெண்டு தடவை எரியும். பொறுப்பு என் ஒருத்தி கைக்கு வந்ததும் எல்லாம் ஒண்ணாச்சு. அதுதான் பெரிய மிச்சம்."

"யாரு பிரிச்சா? நானா?"

"யாரும் பிரிக்கல. சர்க்கரை இப்பல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகுதுன்னு நீங்க ஒரு நாள் சொன்னீங்க. மறுநாள் நான் தனியா ஒரு டப்பா வாங்கினேன்."

பெரியவளுக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை.

"நான் சும்மா சொல்லியிருப்பேன்" என்றாள்.

"தெரியும். நானும் சும்மாதான் வாங்கினேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பெரியவள் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துப் போட்டாள். எதற்கு உரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் திரிந்துபோன பாலை நினைத்தால் அவளுக்கு வலித்தது. பாலுக்காக மட்டும் இல்லை.

அப்போது சின்னவளின் போன் அடித்தது.

"கம்பெனி மேடம். கடையைப் பத்திக் கேப்பாங்க" என்றாள் சின்னவள்.

"குனிஞ்சு பார்த்தாங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"முடியாதுக்கா. அங்க கேமரா இருக்கு. கேமரா இல்லைன்னாலும் சொல்ல மாட்டேன். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்றதுக்குத்தான் எனக்குக் காசு."

"அப்போ அந்தப் பொண்ணு பெட்டி தூக்கணுமா?"

சின்னவள் போனை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி தரையில் வைத்தாள். மேடத்தின் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வினிகர் கேட்டபோது கூட வந்தார்களா? இல்லை, கையைத்தான் காட்டினார்கள். ஐஸ் பெட்டி? நன்றாகக் குளிர்ந்தது. கழிப்பறை? சுத்தம், ஆனால் சோப்பு இல்லை.

"பில் போட்டவங்க கீழ்த்தட்டைப் பார்த்தாங்களா?"

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லை மேடம். ஆனா அதுக்கு ஒரு காரணம்..."

"காரணம் நான்தாங்க" என்றாள் பெரியவள்.

போனில் மேடத்தின் குரல் மாறியது.

"யாரு பேசுறது?"

"இவளோட ஓரகத்தி. என் மூத்த கொழுந்தன் பொண்டாட்டி நான், இவ என்னைக் கூப்பிடவே இல்லை, நானாத்தான் பின்னாலயே வந்தேன்." பதற்றத்தில் உறவுமுறையே புரண்டுவிட்டதை உணர்ந்து நிறுத்தினாள். "என் கொழுந்தன் பொண்டாட்டி இவ. என்ன வேலை பண்றான்னு எங்க யாருக்கும் தெரியாது. இன்னைக்குப் பின்னாலயே போய்ப் பார்த்தேன். சோப்புத்தூளைக் கீழ வெச்சதும் திருடுறான்னு நினைச்சுட்டேன். மாட்டிக்கக் கூடாதுன்னு நான்தான் அந்தப் பொண்ணுக்குப் பேச்சுக் கொடுத்தேன். அவ எங்க மாடியில குடியிருக்கா. அவ மேல தப்பு இல்லை. இவ மேலயும் இல்லை."

"எங்கேருந்து பின்னால வந்தீங்க?"

"தெருமுனையில இருந்தே. அப்புறம் பஸ்ஸு. கடைக்குள்ள முழுக்க."

 பிறகு மேடம் நிதானமாகப் பேசினார். இன்றைய சோதனை செல்லாது, கடைக்கு எதுவும் போகாது, வேறொருவரை இன்னொரு நாள் அனுப்புவார்கள். இன்றைக்கு வாங்கிய சாமானுக்குக் காசும் வராது.

"வீட்டுல தெரிஞ்சுபோச்சுன்னா வேலை தொடருமான்னு நான் மேலிடத்துலதான் கேக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சின்னவள் மெதுவாகச் சாமான்களை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். பெரியவளும் எடுத்துக் கொடுத்தாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சின்னவள், "நாய்த் தீனி எதுக்குக்கா எடுத்தீங்க?" என்றாள்.

"நீ என்னைப் பார்த்தியா?"

"இல்லை. அந்தப் பணியாளர் இன்னொருத்தர்கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தார். ஒரு அம்மா, நாயே இல்லாம தீனி பார்க்குறாங்கன்னு."

சாயங்காலம் மாடி வேலை முடிந்து வந்தாள். படியேறப் போனவள், பெரியவள் வாசலில் நிற்பதைப் பார்த்து நின்றாள். 

"அக்கா, இன்னைக்கு நீங்க வந்து அம்மாவை விசாரிச்சது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள் மாடி. "நாள் முழுக்க எத்தனையோ பேர் வந்து போறாங்க. சில்லறை இருக்கா, பை இருக்கான்னுதான் கேப்பாங்க. என் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. அம்மாகிட்ட போய்ச் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்."

"நான் வந்து அவங்களைப் பார்க்குறேன். நாளைக்கே வர்றேன்" என்றாள் பெரியவள். அந்த வார்த்தையாவது நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடி படியேறி மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். உள்ளே அவளுடைய போன் அடித்தது. லாரிக்காரர். பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

"முதலாளி கேட்டுக்கிட்டே இருக்கார். என்ன சொல்லட்டும்?"

சின்னவள் அடுப்படிக் கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

"மூணுல ஒரு பங்குன்னு நான் சொன்னேன் இல்லையா, அது அவ்வளவு இல்லைங்க" என்றாள் பெரியவள். "கால்வாசின்னு வெச்சுக்கோங்க. ஆனா அந்தக் கால்வாசி நிக்கும்."

"உறுதியா?"

"எல்லாத்தையும் தரையில பரப்பிப் போட்டுப் பார்த்தாச்சு."

"யாரு பார்த்தா?"

"நாங்க ரெண்டு பேரும்."

 "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்றார். கேட்டதில் சந்தேகம் இருந்த மாதிரி இருந்தது, சந்தோஷம் இருந்த மாதிரியும் இருந்தது. "சரி. அப்போ சொல்லிடுறேன். அடுத்த வாரம் சாமானைக் கட்டிக்கிட்டு வந்துடுவேன்."

போனை வைத்துவிட்டுப் பெரியவள் சுவரில் சாய்ந்தாள். சின்னவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்து இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

டீ ஆறுவதற்குள் சின்னவளின் போன் மறுபடி அடித்தது. எடுத்துக் கேட்டவள், முகம் மாறி, போனை நீட்டினாள்.

"மேடம்தான். உங்களைக் கேக்குறாங்க."

"என்னையா? எதுக்கு?"

"தெரியல. தனியாப் பேசணுமாம்."

பெரியவள் போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போனாள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "எங்க ஆளுங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிறதே, யாராவது தன்னைக் கவனிக்கிறாங்களான்னு பார்க்கத்தான். உங்க வீட்டுப் பொண்ணு அதுல கெட்டிக்காரி. அவங்களுக்கே தெரியாம பஸ்ஸுல இருந்து கடை வரைக்கும் வந்திருக்கீங்க. உங்களை மாதிரி ஒருத்தரை நான் தேடிக்கிட்டிருக்கேன். சோதிக்கப் போறவங்க சரியா சோதிக்கிறாங்களான்னு பின்னால இருந்து பார்க்கணும். ஓய்வு நாள்ல வந்தாப் போதும். உங்க வீட்டுப் பொண்ணு விஷயம் வேற, அதை மேலிடம்தான் முடிவு பண்ணும்."

"யாரு பின்னால போகணும்?"

"ஒருத்தர் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. ஆள் யாருன்னு நீங்க சரின்னு சொன்னப்புறம் சொல்றேன். நாளைக்குள்ள முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

அந்த ஒன்றையும் கேட்டுக்கொண்டு பெரியவள் உள்ளே வந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?" என்றாள் சின்னவள்.

பெரியவள் அவளைப் பார்த்தாள். நாள் முழுக்கத் தேடி அலைந்து ஒரு ரகசியத்தை உடைத்துவிட்டு வந்தவள், இப்போது தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல யாருக்கும் சொல்லக் கூடாதாம்."